மெஷின் பொய் சொல்லாது

வாருங்கள், வாசகர்களே! மூக்கைப் பொத்திக்கொண்டாவது இந்த விசாரணை அறைக்குள் வந்து நில்லுங்கள். குழாய்நீரில் சாக்கடை கலந்திருப்பதைக் காட்டிய சோதனை முடிவுகளைக் கணினியிலிருந்து அழித்த கை இங்கேதான் இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவள் சோதனைக்கூட ஊழியை. ராஜினாமாக் கடிதம் தயாராக அவள் முன் நீட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில், அவளே குழாயில் பிடித்து வந்த ஒரு தம்ளர் பழுப்புநீர். எதிரே குடிநீர் வாரிய இயக்குநரும் கணினிப் பிரிவுத் தலைவரும். அவர்கள் குடிப்பதோ கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்!

"போன வாரம் உன் பேர்ல உள்ள நுழைஞ்சுதாம்மா எல்லாம் அழிஞ்சிருக்கு. பேயா வந்து அழிச்சுது?" என்றார் கணினித் தலைவர்.

"ராப்பகலா சோதிச்சு எடுத்த முடிவு சார். அதை நானே எதுக்கு அழிக்கணும்?"

"மெஷின் பொய் சொல்லாது. பேசாம கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு."

"எனக்கும் கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார் இயக்குநர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

கணினித் தலைவர் தம் மடிக்கணினியைச் சுவர்த்திரையோடு இணைத்தார். "இது போன வாரம் கணினித் திரையில திறந்த ஜன்னல் சார், மூடக்கூட நேரமில்ல, அவ்வளவு வேலை. இப்பப் பாருங்க. 'ஹூ ஆம் ஐ'ன்னு அடிச்சா, யார் பேர்ல உள்ள இருக்கோமோ அந்தப் பேரைக் காட்டும். அவ மெஷின்ல அடிச்சா அவ பேரு. என் மெஷின்ல அடிச்சா..."

அடித்தார்.

சுவரில் அவள் பெயர் வந்து நின்றது.

எவர் பெயருக்குள்ளும் புகும் அதிகாரம் படைத்த அந்த மனிதர், அவள் பெயருக்குள் புகுந்து அழித்துவிட்டு, வெளியேற மறந்திருந்தார்!

"நான் இங்க உக்காந்திருக்கேன் சார். அங்க உள்ள இருக்கிறது யாரு?" என்றாள் அவள்.

இயக்குநர் எழுந்தார். மடிக்கணினியை அறைந்து மூடினார். எதிரே ஒரு பெண் அமர்ந்திருப்பதையே பொருட்படுத்தாமல் கணினித் தலைவரிடம் சீறினார்.

"அழிக்கச் சொன்னா, அதைக்கூட ஒழுங்கா அழிக்கத் தெரியாதாய்யா உனக்கு?"

நகரத்தாரே, நாளைக் காலை உங்கள் வீட்டுக் குழாயில் ஆளுக்கொரு தம்ளர் பிடித்துக்கொண்டு அந்த இயக்குநரின் மேசைக்கு வாருங்கள். அழிக்கச் சொன்ன அந்த வாய் அதைக் குடித்துக் காட்டும்வரை நகராதீர்கள்!