கடைசிப் பாட்டு

“மாமா, நீங்க பாடுனா மட்டும் எனக்கு ஏன் தூக்கம் வருது?”

போன வருடத் தமிழ்ச் சங்க விழாவில் வைரவனைப் பார்த்து இப்படிக் கேட்டவள், ஃபர்வானியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் லுக்மானின் சின்ன மகள் அப்ஸானா. குவைத் மேடைகளில் முப்பது வருடமாகச் சோகப்பாட்டுப் பாடியவர் வைரவன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு அவர் மேடை ஏறுவதை விட்டுவிட்டார்.

இப்போது அறுபது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு ஆல்பம் போட்டிருந்தார். அறையில் கூட இருக்கும் மணிகண்டனுக்குத்தான் பயம். இதற்கும் சிரித்தால் மனிதர் தாங்குவாரா?

சவுதியில் ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து, ஆல்பத்தைக் கேட்ட அன்பரசன் போன் செய்தான். வைரவன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, நைட் டூட்டி முடிஞ்சு வந்தா உங்க பாட்டுதான். ஆனா கடைசிப் பாட்டு எப்படி இருக்கும்னு ஒருத்தனுக்கும் தெரியல. அதுக்குள்ள கேம்ப்பே குறட்டை விடுது!”

மணிகண்டன் பதறிப்போய் போனைப் பிடுங்க வந்தான். வைரவனோ கைகொட்டிச் சிரித்தார்.

“அதுக்குத்தானடா பாடுனேன்! பகல்ல தூக்கம் வராம எத்தன பேரு பொரண்டுகிட்டு கெடக்கான்?”

“அப்ப கடைசிப் பாட்டுல என்னண்ணே இருக்கு?” என்றான் மணிகண்டன்.

“மொதல்லேருந்து வரிசையா கேளு. அப்பத்தான் புரியும்.”

மணிகண்டன் கேட்கத்தான் படுத்தான். மூன்றாவது பாட்டிலேயே வாய் பிளந்து தூங்கிப்போனான். வைரவன் அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

விழித்திருந்து கேட்க ஆளில்லாத அறையில் கடைசிப் பாட்டு மெல்ல ஒலித்தது.

“அப்ஸானா கண்ணு, என் குரலுக்கு என்ன வேலைன்னு ஆண்டவன் உன் வாயால சொன்னான். நல்லா இரும்மா.”