பூஞ்சைத் தட்டு

கணவனின் ஓயாத தலைவலிக்கு ஸ்கேன் எடுத்ததில், மூளைக்கு அடியிலிருக்கும் பட்டாணியளவு பிட்யூட்டரி சுரப்பியில் பூஞ்சை தெரிந்தது. மூக்கு வழியாகக் கிள்ளியெடுத்து, எந்த வகையென்று பார்க்க ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். அங்கே தட்டு கழுவுகிறவள் அவன் மனைவிதான். அவன் மாத்திரை போட்ட நாளில் தட்டுப் பூஞ்சை சுருங்கியது. போடாமல் ஏமாற்றிய நாளில் பரவியது.

"நேத்து மாத்திரைய முழுங்கலதானே?"

"உனக்கெப்படித் தெரியும்? வேவு பாக்க ஆள் வச்சிருக்கியா?"

மூன்றாம் வாரம் டெக்னீஷியன், "ரிசல்ட் வந்தாச்சுக்கா, அதை அவிச்சுக் கொட்டிடுங்க" என்றார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் அவரே வாங்கிக் கொதிகலனில் போட்டு மூடியை முறுக்கினார்.

அவள் போன் அடித்தது.

"ஏய், ஃபேன் ஓடுது. எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?"

கொதிகலனின் வெப்பம் காட்டும் முள் இன்னும் பாதிகூட ஏறவில்லை.