தண்ணீர்க் குழாய்

அருள்மணி முதல் சோதனைக் குழாயில் அமிலத்தைச் சொட்டினாள். தெளிவாகவே நின்றது.

அவள் முகம் மலர்ந்தது. கூக்காலிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து, என்னிடம் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள். துத்தநாகத்தை ஒரு கரிம வளையத்துக்குள் பூட்டி, நம் உடம்பில் நொதி பார்க்கிற வேலையை அது பார்க்கும்படி செய்திருந்தாள். ஆர்.என்.ஏ. இழையைத் துண்டு துண்டாக அறுக்கிற வேலை.

அறுபடாத ஆர்.என்.ஏ. அமிலம் பட்டால் வெள்ளையாகக் கலங்கிவிடும். அறுபட்டது கலங்காது. சோதனை அவ்வளவுதான்.

தண்ணீர்க் குழாய் பாக்கி இருந்தது. அதில் ஆர்.என்.ஏ.வும் வெறும் தண்ணீரும்தான், துத்தநாகம் கிடையாது. அது கலங்கினால் அவள் டாக்டர் அருள்மணி. கலங்காவிட்டால் ஊருக்குப் போய், அண்ணன் பார்த்துவைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

சொட்டினாள். கலங்கவில்லை.

இன்னொரு சொட்டு. அப்படியே நின்றது.

“கை வேர்வையிலயே அந்த நொதி இருக்கும்மா. கொதிக்க வச்சாலும் சாகாது. அறுத்தது உன் துத்தநாகம் இல்ல, யாரோ ஒருத்தரோட விரலு” என்றார் தேர்வாளர். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

அருள்மணி திரும்பி, குழாய் கழுவுகிற சூசையம்மாளைப் பார்த்தாள். ஐந்து வருடமாக அக்கா அக்கா என்று ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள் இருவரும்.

“மாதா சத்தியமா நான் வெறுங்கையால தொடலைங்க சார்” என்று சூசையம்மாள் என்னிடம்தான் சொன்னாள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். ஆய்வகத்துக்கு ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே.

கூக்காலுக்கு ஒரே பஸ். அதற்குள் அருள்மணி மேசையைக் காலி செய்தாள். என் நேரத்தை வீணாக்கிவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். குறிப்பேடுகளை என்னிடமே விட்டுப் போனாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

மறுவாரம் அந்தக் குறிப்பேடுகளைப் பார்த்து நானே இரண்டு குழாயும் வைத்தேன். துத்தநாகக் குழாய் தெளிவாக நின்றது. தண்ணீர்க் குழாய் நன்றாகக் கலங்கியது. கட்டுரையை லண்டனுக்கு அனுப்பினேன், என் பெயரில் மட்டும்.

தண்ணீர்க் குழாய் கலங்காமல் என்ன செய்யும். இந்த முறை அதற்குள் நான் விரலை விடவில்லை.