வால் போட்ட தாளம்

கிடார் வகுப்புச் சுவரில் குடியிருந்த பெரிய பல்லிக்குப் புதுப்பாட்டு என்றாலே இளக்காரம்.

"மாஸ்டர் கம்பியை மீட்டுற பிக் இல்லாம வெறும் விரலால ஒரே ஒருநாள் வாசிச்சார் பாரு, அதுதான் பாட்டு. அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்" என்று சின்னப் பல்லியிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

அன்று மாஸ்டர் பிக்கைக் கீழே வைத்தார். விரலால் வாசிக்கத் தொடங்கினார். பெரிய பல்லி பீற்றிக்கொண்ட அதே பாட்டு.

"பிரமாதம்! நீங்க சொன்னது இதுதானாண்ணே?" என்றது சின்னது.

"சேச்சே! அது வேற. இதெல்லாம் ஒரு பாட்டா?"

"அப்புறம் ஏன் உங்க வால் தாளம் போடுது?"

பெரிய பல்லி திரும்பிப் பார்த்தது. வாலை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

தரையில் விழுந்த வால், பாட்டு முடியும்வரை தாளம் தப்பாமல் துடித்துக்கொண்டிருந்தது.