தொட்டித் தண்ணீரில் காற்று

நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர்கள் கைவிரித்து இரண்டு வருஷமாகிறது. அன்று மீன்பண்ணைக்காரர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவியின் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்திருந்தது. கட்டில் காலி. குளியலறையில் அவள் மண்டியிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை தலையை விட்டிருந்தாள்.

பதறிப்போய் வெளியே இழுத்தார். கரையில் போட்ட கெண்டை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்தது.

"விடுங்க... உள்ள... நல்லாருக்கு."

அவர் பிடி தளர்ந்தது. தலை மறுபடி தண்ணீருக்குள் போயிற்று. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த நாடி நிதானமாக அடித்தது. பத்து நிமிஷமாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை.

ஒரு தொட்டித் தண்ணீரில் காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பண்ணைக்கு ஓடி, காற்று பம்பைத் தூக்கிவந்து குழாயை உள்ளே விட்டார். தண்ணீர் கொப்பளித்தது. அவள் கையை உயர்த்தி, போதும் என்று காட்டினாள். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது. சாயங்காலம் அவள் முழுசாக உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை கரண்ட் போயிற்று. பம்பு நின்றது. பண்ணையில் செய்வதைப் போலவே, காற்று கலக்கட்டும் என்று உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தார். மத்தியானமாகியும் கரண்ட் வரவில்லை. காற்று குறைந்த குளத்து மீன் மாதிரி அவளுடைய வாய் மெல்ல மெல்ல மேல்மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வாசலில் மச்சினன் குரல் கேட்டது. "மாமா, அக்கா எப்படி இருக்கா?"

"சட்டைக் கையை மடக்கிட்டு சீக்கிரம் வா மாப்ள. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."