யாரும் பார்க்காத கட்டடம்

"வரலாறு, தேடி வர்றவனுக்குத்தான் முகம் காட்டும்!" என்று முழங்கியவர் மூன்றாவது முறையாக அதே தெருமுனைக்கு வந்து நின்றார்.

"ஏங்க, கால் விட்டுப்போச்சு. யாரையாவது கேட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"போன்ல வர்ற குறிப்பைப் பார்த்துதான் அந்தப் பழைய கட்டடத்தைக் கண்டுபிடிக்கணும். அதான் விளையாட்டு. முதல்ல போறவன்தான் எங்க வரலாற்று ஆர்வலர் குழுவுக்குத் தலைவன்!"

ஒருவழியாக லாரி ஷெட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய பழைய மாளிகை தென்பட்டது.

"பார்த்தியா? யார் கண்ணுலயும் படாததை நான் கண்டுபிடிச்சேன்!"

காவலாளி கொட்டாவியோடு ஒரு நோட்டை நீட்டினார். "பேரை எழுதுங்க சார். இங்க ஒருத்தரும் வர்றதில்ல. தொல்பொருள் ஆபீஸர்கூட வருஷா வருஷம் நோட்டை வரவழைச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவார்."

மனைவி பக்கங்களைப் புரட்டினாள். பதினோரு வருடமாக, 'நேரில் ஆய்வு செய்தேன்' என்பதற்குக் கீழே இருந்தது அவள் கணவரின் கையெழுத்து.