வயலட் விளக்கின் ரசிகர்

“செடிக்கு லைட்டு கேட்டா, கல்யாண வீட்டு லைட்டைக் காட்டுதீய?” என்று சிரித்த அந்த அம்மாள், வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, குடையை விரித்துப் படியிறங்கினாள்.

தென்காசியில், குற்றாலம் ரோட்டில் நாகராஜன் நடத்தும் எலக்ட்ரிகல் கடை அது. சாரல் ஆரம்பித்துவிட்டால் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. ஹாலில் செடி வளர்க்கிறவர்கள், இலை வெளுக்கிறதே என்று செடி விளக்குத் தேடி வருவார்கள். வருகிறவர்கள் எல்லாம் வெள்ளையையே வாங்கிப் போவார்கள். சிவப்பும் நீலமும் கலந்த வயலட் விளக்கு மட்டும், நாகராஜன் ஆசைப்பட்டு இறக்கிய நாளிலிருந்து ஓர் அலமாரி நிறைய அப்படியே இருந்தது.

“இந்த அம்மாவும் போயாச்சா?” என்றாள் கல்லாவில் இருந்த அவர் மனைவி மாரிச்செல்வி.

“வெவரம் தெரியாதவங்கட்டி.”

“வெவரம் தெரியாதவங்கதான் ஊரு பூரா இருக்காங்க. வெவரமானவங்களுக்குன்னு சரக்கு எடுத்தது நீங்க ஒரு ஆளுதான். ஆடி முடியுததுக்குள்ள அலமாரி காலியாகலேன்னா, அடுத்த கொள்முதலுக்கு நான்தான் போவேன். ஒத்துக்கிட்டாச்சு, பேச்சு மாறக் கூடாது.”

கொள்முதல் என்றால் மதுரை. காலை ரயில், மொத்தக் கடையில் வாங்கித் தருகிற காபி, “வாங்க முதலாளி” என்ற வரவேற்பு. அத்தனையையும் மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்க நாகராஜனுக்கு மனமில்லை.

அப்போதுதான் ஒருவர் கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். மேஜைமேல் இரண்டு மணிபிளான்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்றின்மேல் வெள்ளை விளக்கு, ஒன்றின்மேல் வயலட். வந்தவர் வெள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வயலட்டின் முன்னால் போய் நின்றார்.

“நல்ல விளக்கு அண்ணாச்சி.”

இந்தச் சொல்லை நாகராஜன் தன் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்னொருவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

“உக்காருங்க பாய். எந்தூரு?”

“அச்சன்புதூர். பேரு துல்கர்னைன். ஷார்ஜாவுல இருக்கும்போதே இந்த விளக்கு எனக்குப் பழக்கம். செடிக்கு முக்கியமா வேண்டியது சிவப்பும் நீலமும்தான். நீலம் இலைக்கு, சிவப்பு பூவுக்கு. பச்சை வெளிச்சத்துல ஒரு பங்கை இலை திருப்பி விட்டுரும். அதனாலதான இலை பச்சையாத் தெரியுது?”

“கேட்டுக்கோட்டி,” என்றார் நாகராஜன்.

“வெள்ளைக்குள்ளயும் அந்தச் சிவப்பும் நீலமும் இருக்குல்லா?” என்றாள் மாரிச்செல்வி. “இதுக்குக் கீழ இலை கறுப்பாத் தெரியுது. பூச்சி விழுந்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. சாயங்காலம் ஜன்னல் வழியா பார்க்கவன், பிராந்திக்கடை பாருன்னு நெனச்சு மாடியேறி வருவான்.”

“வெளிச்சம் செடிக்குத்தானம்மா, நமக்கா?” என்றார் துல்கர்னைன் பணிவாக. “வெள்ளை கண்ணுக்கு நல்லாருக்கும். வயலட் கரண்டை வீணாக்காது. தெரிஞ்சவங்க இதைத்தான் கேப்பாங்க.”

நாகராஜனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டீ சொல்லிவிட்டு வர எழுந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மாரிச்செல்வி.

“வாங்க வந்த ஆளு இப்படியா புகழுவாரு? வெலையைக் குறைக்கணும்னா குத்தம்லா சொல்லணும்?” என்று கிசுகிசுத்தாள்.

“வெளிநாடு பார்த்த மனுசன். நம்மூரு பேரம் மறந்துபோயிருக்கும். நீ சும்மா இரு.”

டீ வந்தது. துல்கர்னைன் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாப் போகுதா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

போகாத சரக்கைப் போகாது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கம் நாகராஜன் பரம்பரையில் கிடையாது.

“போகுதாவா? நிக்க மாட்டேங்குது பாய்.”

“அலமாரி நெறைய இருக்கே?”

“நேத்து வந்தது அது. நாளைக்கு வந்தீயன்னா வெறும் பலகையைத்தான் பார்க்கணும். கடையத்துல இருந்தும் புளியங்குடியில இருந்தும் போன் மேல போன். குற்றாலத்துல ஒரு லாட்ஜுக்காரரு, எனக்குத் தராம ஒருத்தருக்கும் தரக் கூடாதுன்னு சண்டைக்கு வாராரு.”

மாரிச்செல்வி மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தாள்.

“அப்போ சரக்கு பத்தலேங்குதீய.”

“எங்க பத்துது? எத்தனை பெட்டி கிடைச்சாலும் நான் எடுத்துக்கிடுவேன். குடுக்கத்தான் ஆளில்ல.” ‘தட்டுப்பாடு’ என்று தெரிந்தால் அலமாரியோடு வாங்கிவிடுவார் என்பது நாகராஜன் போட்ட கணக்கு.

“நெசமாவா அண்ணாச்சி?”

“இந்தா, இவளை வச்சுக்கிட்டே சொல்லுதேன். நாகராஜன் சொன்ன சொல்லு மாற மாட்டான். ஊருக்குள்ள யாரையும் கேட்டுப் பாருங்க.”

துல்கர்னைன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலுக்குப் போனார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தார்ப்பாய் போர்த்தி நின்ற லோடு ஆட்டோவைக் கைகாட்டி அழைத்தார்.

“செங்கோட்டையில நானும் லைட்டுக் கடைதான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. இந்த வயலட்டை எடுத்ததுல இருந்து ஒண்ணுகூட நகரலேன்னு எங்க வீட்டுல ஒரே கரைச்சல். வண்டி நெறையக் கொண்டாந்திருக்கேன், எங்கன இறக்கட்டும்?”